பாட்டைக் காக்கும் கை

மத்தளத்திற்கு இரு பக்கமும் இடி என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் பொருளைப் பள்ளியில் படித்தோம். அதன் வலியைச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், தம்பானூரில் உள்ள நம் இல்லத்தில் அறிந்தோம். ஒரு பக்கம் திருநெல்வேலியிலிருந்து தமக்கையார் தொலைபேசியில் இடித்தார். மறு பக்கம், நம்மோடு தங்கி இவ்வூரில் பொறியியல் பயிலும் அவருடைய மகன் இடித்தான். நடுவில் மத்தளமாக இருந்தவர் நாம்.

தமக்கையாரின் குறை இது: "தம்பி, உன்னை நம்பித்தான் பிள்ளையை அங்கே விட்டிருக்கிறேன். ஏழு ஆண்டு மிருதங்கம் சொல்லி வைத்தேன். அதை மூலையில் போட்டுவிட்டு, ராக் என்று ஏதோ ஒரு கூட்டத்தோடு சேர்ந்து தகரம் தட்டுகிறானாம். அந்தக் கூட்டத்தில் குடியும் புகையுமாக இருக்குமாம். நீ கண்டிக்க மாட்டாயா?"

மருமகனின் விண்ணப்பம் இது: "மாமா, பழைய டிரம்ஸ் ஒன்று 30,000 ரூபாய்க்கு வருகிறது. பாதிப் பணம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் கடனாகக் கொடுத்தால் போதும். வேலை கிடைத்ததும் திருப்பித் தந்துவிடுவேன்."

பணம் இல்லை என்று சொன்னோம். சொல்லிவிட்டு, ராக் இசை என்பது இரைச்சல் என்றும், காது செவிடாகும் என்றும் நாலு வார்த்தை கூடுதலாகவும் சொன்னோம். அவன் முகம் சுளிக்கவில்லை. "பணம் வேண்டாம் மாமா. ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். நீங்களும் ஒரு காலத்தில் மிருதங்கம் வாசித்தவர்தாமே? தாளக்காரன் ஒருவனைப் பெரிய தாளக்காரன் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டான்.

"கணக்குப் பிசகாதவன்" என்றோம், சற்றும் யோசியாமல்.

"அது மட்டுமா மாமா?" என்றான் அவன்.

இச்சிறு கேள்வி அன்று இரவு நம்மை உறங்கவிடவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம். மறுநாள் மாமனும் மருமகனும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தோம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இரவு உணவிற்குப் பின் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து இசை கேட்பது. ஒரு நாள் அவன் போற்றும் ராக் தாளக்காரர்கள், மறுநாள் நாம் போற்றும் மிருதங்க வித்துவான்கள். முடிவில் அவன் கேள்விக்கு நாம் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய வழக்கு இன்று நடந்துகொண்டிருக்கும் என்று கருதுவதால், அதன் விவரத்தை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

முதலில் அக்கருவியைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். டிரம்ஸ் என்பது ஒரு கருவியன்று, ஒரு குடும்பம். வலக்காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம் ஒன்று. முழங்கால் அருகே வெடிப்போசை தரும் ஸ்னேர் ஒன்று. இடக்காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டமாகிய ஹை-ஹாட் ஒன்று. அது நம் ஜால்ராவுக்கு உறவு. இவற்றோடு சில டாம் முரசுகளும், வெண்கலத் தட்டங்களாகிய சிம்பல்களும் சேரும். இருகையும் இருகாலும் நான்கு வேலையாட்களைப்போல் தத்தம் வேலையைப் பார்க்க, மனம் மேற்பார்வை செய்கிறது. ராக் இசையின் நடை பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்டது. அதில் முதலாவதிலும் மூன்றாவதிலும் பேஸ் டிரம் ஊன்றும். இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் அறையும். இந்த இரண்டும் நான்கும் விழுகிற இடத்தில்தான் கேட்பவனுடைய கால் தானாக அசைகிறது. நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போட்டுப் பழகிய கைக்கு இது எளிதாகவே தோன்றும். எளிதாகத் தோன்றுவதை நான்கு நிமிடம் ஒரே சீராக வைத்திருப்பதுதான் அரிது என்பதை, மருமகனின் ரப்பர்ப் பலகையில் நாமே இரண்டு குச்சிகளை எடுத்துத் தட்டிப் பார்த்தபோது உணர்ந்தோம். ஒரு நிமிடத்திற்குள் நம் கை ஓடத் தொடங்கிவிட்டது.

மருமகன் முதலில் நமக்குக் கேட்பித்தவர் சார்லி வாட்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவில் 1963-இல் சேர்ந்து, 2021-இல் மறையும்வரை ஐம்பத்தெட்டு ஆண்டு அக்குழுவுக்கே வாசித்தவர் அவர். அவர் முன் இருந்த கருவிகள் மிகக் குறைவு. "இவர் கையைப் பாருங்கள் மாமா" என்று படத்தைக் காட்டினான். ஸ்னேரை அடிக்கும் ஒவ்வொரு முறையும், ஹை-ஹாட்டைத் தட்டிக்கொண்டிருந்த மற்றக் கையை அவர் தூக்கிவிடுகிறார். அந்த ஓர் அடிக்கு வேறோசை குறுக்கிடாமல் வழிவிடுகிறார். பிறர் ஓசையைச் சேர்ப்பதில் பேரெடுத்த துறையில், இவர் ஓசையைக் குறைத்துப் பேரெடுத்தார் என்பது நமக்கு வியப்பாக இருந்தது.

அடுத்தவர் ரிங்கோ ஸ்டார். பீட்டில்ஸ் குழுவில் 1962-இல் சேர்ந்தவர். இவர் பிறவியில் இடக்கையர். ஆனால் வலக்கையருக்கு அமைத்த முறையிலேயே கருவிகளை வைத்து வாசிப்பவர். ஆதலால் முரசு முரசாகத் தாவும்போது இவர் கை புறப்படும் திசையே வேறு. அந்த வேறுபாடே இவருக்குத் தனி முத்திரையாயிற்று. இதைக் கேட்டதும் நாம் எழுந்து உட்கார்ந்தோம். நம்மிடமும் ஒருவர் உண்டே!

மறுநாள் பழநி சுப்பிரமணிய பிள்ளையை அவனுக்குக் கேட்பித்தோம். 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மாணவர். அவரும் இடக்கையர். மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒரு தொழில், தொப்பிக்கு ஒரு தொழில். இடக்கையர் கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டால், மேடையில் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் இடம் மாறி அமரவேண்டும். அதற்குச் சிலர் தயங்கிய காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை அழைத்து ஆதரித்தார். பிற்காலத்தில், தொப்பியில் அவர் எழுப்பிய கும்கியைக் கேட்கவே கூட்டம் வந்தது. குறையென்று பிறர் எண்ணியதைக் குணமாக்கிக்கொண்ட இவ்விருவரையும் அடுத்தடுத்த இரவுகளில் கேட்டபோது, லிவர்பூலும் பழநியும் அத்துணைத் தொலைவில் இல்லை என்று தோன்றியது.

நாதத்தைப் பற்றிய வழக்கு மூன்றாம் வாரத்தில் வந்தது. பெருஞ்சத்தமே ராக் என்று நாம் சொன்னதற்கு மறுப்பாக, லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹம் வாசித்த ஒரு பாட்டைப் போட்டான். 1971-இல் வெளிவந்தது அது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையில், மாடிப்படி ஏறும் கூடத்தின் அடியில் அவரை உட்காரவைத்து, ஒலிவாங்கிகளை மேலே படிக்கட்டில் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்களாம். ஒவ்வோர் அடியும் கூடத்தின் சுவர்களைத் தொட்டுத் திரும்பிவந்து காதில் விழுகிறது. அதில் வேகம் இல்லை. அடிகளின் எண்ணிக்கையும் அதிகமில்லை. யானை நடப்பதுபோல் நிதானம். ஆனால் ஓசை நிறைந்திருந்தது.

அதற்கு விடையாக நாம் பாலக்காடு மணி ஐயரை எடுத்தோம். 1912-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதை 1966-இல் அவருக்கு அளித்தது. மிருதங்க வித்துவான் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஒலிபெருக்கி கருவியின் உண்மை நாதத்தைக் கெடுக்கிறது என்று கருதி, அது வேண்டாம் என்று வற்புறுத்தியவர் அவர். ஒருவர் மாளிகையின் கூடத்தைத் தம் கருவிக்குத் துணையாகக் கொண்டார். மற்றொருவர் இயந்திரத்தின் துணையே வேண்டாம் என்றார். இருவரும் நாடியது ஒன்றே: அடித்தபின் எழும் ஓசை தன் ஆயுளை முழுமையாக வாழ்ந்து முடிய இடம் வேண்டும் என்பது. அந்த ஓசைக்கு இடம் விடத் தெரியாதவன் எத்தனை வேகமாக அடித்தாலும் தச்சன் ஆணி அடிப்பதற்கு ஒப்பாகும்.

நிற்க. தமக்கையாரின் அச்சத்தையும் நாம் மறைக்கலாகாது. மருமகனிடம் அதை நேராகவே கேட்டோம். அவன் ஒளிக்கவில்லை. மேற்சொன்ன பான்ஹம் 1980-இல் அளவு கடந்த குடியால் இறந்தார், வயது 32. த ஹூ குழுவின் கீத் மூன் 1978-இல் இறந்தார். அவருக்கும் வயது 32. குடியை விடுவதற்குக் கொடுத்த மாத்திரையையே அளவுக்கு மீறி உட்கொண்டார். நம்மைவிட இளையவர்களாக அவர்கள் மாண்டார்கள் என்பதை எண்ணியபோது நெஞ்சம் கனத்தது. பிறர் காலத்தை நொடி பிசகாமல் காத்த கைகள் தம் காலத்தைக் காத்துக்கொள்ளவில்லை. "அவர்கள் வாசிப்பு எனக்கு வேண்டும் மாமா, வாழ்வு வேண்டாம்" என்றான் மருமகன். பத்தொன்பது வயதுப் பிள்ளை சொல்வதை எந்த அளவு நம்புவது என்று நாம் தயங்கினோம். அத்தயக்கம் இன்றும் முற்றும் நீங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் அவ்வுலகத்தில் வேறு வகையினரும் உளர். கனடா நாட்டு ரஷ் குழுவின் நீல் பீர்ட் உலகப் புகழ் பெற்றபின், நாற்பது வயதைக் கடந்து, ஃபிரெடி குரூபர் என்னும் ஆசிரியரிடம் மாணவனாக அமர்ந்து, குச்சி பிடிப்பதையே மறுபடியும் கற்றார். டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலன் 1984-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கார் விபத்தில் இடக்கையை முழுதும் இழந்தார். இடக்கை செய்த வேலையை இடக்காலுக்குக் கற்றுக் கொடுத்து, அதற்கென மின்சார மிதிகள் அமைத்து, 1986-இல் மீண்டும் மேடை ஏறினார். குழுவினர் அவருக்காகக் காத்திருந்தனர். வேறு ஆளைத் தேடவில்லை. ஒரு தாளக்காரனிடம் இருப்பது கை மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் தமிழரும் அவ்வுலகில் இல்லாமல் இல்லை. 1959-இல் பிறந்து சென்னையில் வளர்ந்த சிவமணியை எல்லாரும் அறிவர். டிரம்ஸ் மட்டுமன்றிப் பெட்டியையும் குடத்தையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் மேடையில் பேசவைக்கும் அவருக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கடம் வித்துவான் விக்கு விநாயகராம் 1970-களில் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழுவில் வாசித்தார். பின்னர் 1991-இல், கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்க ராக் குழுவின் தாளக்காரரான மிக்கி ஹார்ட் வெளியிட்ட பிளானெட் டிரம் என்னும் இசைத்தட்டில் பங்கு கொண்டார்; உலக இசைக்கென முதன்முதலாக வழங்கிய கிராமி விருது 1992-இல் அதற்குக் கிடைத்தது. மண்பானை ஒன்று அமெரிக்க ராக் தாளக்காரரின் அருகில் அமர்ந்து, அங்கும் தன் குரலில்தான் பேசிற்று. இச்செய்தியை நாம் தமக்கையாருக்குச் சொன்னபோது, "அவர் கடத்தை விடவில்லையே!" என்று அவர் ஒரே வார்த்தையில் நம்மை மடக்கிவிட்டார்.

மண்டலத்தின் முடிவு நெருங்கியது. விடை சொல்ல நாம் கடமைப்பட்டவர் ஆனோம். அப்பொழுது நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற கலைஞர்களை இளங்கோவடிகள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகிறார். அவர்களுள் தண்ணுமை வாசிக்கும் ஆசிரியனும் ஒருவன். அவனுக்கு ஆடல், பாடல், தாளம் யாவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் அடிகள், கடைசியில் ஒன்று சொல்கிறார்: யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் ஒலிக்கும்போது, அவற்றில் குறைவதை இவன் நிரப்ப வேண்டும், மிகுவதை அடக்க வேண்டும், தன் ஓசை அவற்றை மீறிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. கை வேகத்தை அவர் முடிவாகச் சொல்லவில்லை. பிறர் குறையைத் தன் கையால் மூடுவதையே கலையின் முடியாக வைத்தார்.

இதைப் படித்துக் காட்டும்போது நம் குரல் தடுமாறிற்று. மருமகன் நிமிர்ந்து பார்த்தான். நாம் புத்தகத்தை மூடிவிட்டோம். இனி அந்தப் பழைய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நமக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. நம் சொந்த ஊர்க் கோயிலில் திருவிழாக் கச்சேரி. பாடியவர் முதியவர், நோயினால் மெலிந்தவர், ஆயினும் நாற்பது ஆண்டாக அத்திருவிழாவில் பாடி வந்தவர். வழக்கமாக அவருக்கு வாசிப்பவர் வராமையால், நம் ஆசிரியர் நம்மை அனுப்பினார். நமக்கு அன்று தலைகால் புரியவில்லை. கணக்கில் நாம் சூரர் என்னும் எண்ணம் வேறு. ஆதி தாளத்தில் சுரம் பாடி எடுப்புக்கு வந்த அம்முதியவர், அரை எண்ணிக்கை தள்ளி வந்துவிட்டார். மிருதங்கக்காரன் அவரோடு சேர்ந்து நழுவிப்போய், அடுத்த ஆவர்த்தத்தில் அவரைக் கைதூக்கிவிட்டிருக்க வேண்டும். சபையில் நான்கு பேருக்குக்கூடத் தெரிந்திராது. நாம் என்ன செய்தோம்? சரியான இடத்தில், சபை முழுதும் கேட்குமாறு, ஓங்கி அறைந்தோம். "இடம் இதுதான்" என்று சொல்லாமல் சொன்னோம். அவர் பாட்டை நிறுத்தினார். தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "வயதாகிவிட்டது, மன்னிக்கவேண்டும்" என்று சபையைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு மங்களம் பாடி எழுந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஆசிரியர் நம்மைக் கடியவில்லை. "நீ தாளத்தைக் காப்பாற்றினாய். பாட்டைக் காப்பாற்றவில்லை" என்று மட்டும் சொன்னார். அன்று உறைக்குள் இட்ட மிருதங்கத்தை நாம் வெளியே எடுக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேலையின் பொருட்டு வாசிப்பை விட்டதாக எல்லாரிடமும் சொன்னோம். தமக்கையாரிடமும் அவ்வாறே சொன்னோம். "என் தம்பி குடும்பத்துக்காகக் கலையைத் துறந்தான்" என்று அவர் பெருமையாகப் பேசுவதைப் பத்தொன்பது ஆண்டு கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தோம். தாம் காண முடியாததைத் தம் மகனிடத்தில் காணவே, அவனுக்கு மிருதங்கம் சொல்லிவைத்தார் என்பதையும் நாம் அறிவோம்.

மண்டலம் முடிந்த வாரத்தில், மருமகனின் கல்லூரியில் விழா. அவன் குழு பாடியது. நாம் கடைசி வரிசையில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அமர்ந்தோம் என்பதையும் மறைக்கவில்லை. மூன்றாம் பாட்டில் புதிதாக ஒரு பெண் பாட வந்தாள். அவளுக்கு அதுவே முதல் மேடை போலும். ஒலிவாங்கியைப் பிடித்த கை நடுங்கியது. கிடார் முன்னிசை வாசித்து முடியுமுன், ஓர் எண்ணிக்கை முந்தி அவள் எடுத்துவிட்டாள்.

நம் முதுகு சில்லிட்டது. இரண்டிலும் நான்கிலும் விழவேண்டிய ஸ்னேர் அடி, இனி அவளுடைய ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஒவ்வொரு சொல்லின் தலையிலும் குட்டுவதுபோல் இருக்கும். அவள் தடுமாறி நின்றுவிடுவாள். நாம் மருமகனின் கையைப் பார்த்தோம். முதற்சொல் காதில் விழுந்த கணத்தில் அவன் ஸ்னேரை விட்டான். பேஸ் டிரத்தை விட்டான். ஹை-ஹாட்டை மட்டும் சீராக, மழைத்தூறல்போல் தட்டிக்கொண்டிருந்தான். அந்த ஓசைக்கு ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. எந்தக் கணக்கிலும் அது பொருந்தும். கிடார்க்காரனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். அவளுடைய அடுத்த அடியின் முதல் எண்ணிக்கையில் பேஸ் டிரத்தை ஊன்றினான். கிடாரும் அங்கு வந்து சேர்ந்தது. நான்கு எண்ணவேண்டிய ஒரு சுற்று மூன்றோடு முடிந்தது என்பதைச் சபை அறியவில்லை. வேண்டுமென்றே அவ்வாறு அமைத்த பாட்டு என்றே எண்ணிக் கைதட்டினார்கள். அப்பெண்ணின் குரல் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பாட்டு முடிவில் அவள் சிரித்தாள்.

நம் கண் கலங்கிற்று. காதுப் பஞ்சை எடுத்துவிட்டோம்.

மறுநாள் மாலை, பணி முடிந்ததும் அவனை இந்தியன் காஃபி ஹவுசுக்கு அழைத்துச் சென்றோம். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்துச் செங்கல் கோபுரமாகச் சுழன்று ஏறும் அக்கட்டடத்தை அன்பர்கள் அறிவர். லாரி பேக்கர் அமைத்தது. தலைப்பாகைப் பணியாளர் கட்லெட் கொண்டுவந்து வைத்தார். "நேற்று மூன்றாம் பாட்டில் ஓர் எண்ணிக்கையை விழுங்கினாய்" என்றோம்.

அவன் திடுக்கிட்டான். "உங்களுக்குத் தெரிந்துவிட்டதா மாமா? அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் அடுத்த முறை பாடப் பயப்படுவாள்."

அவ்வளவுதான். தன் திறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாற்பத்தெட்டு இரவு நாம் தேடிய விடை, கட்லெட்டின் சிவந்த பீட்ரூட்டுக்கும் காபிக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. "தம்பி, அன்று உன் கேள்விக்குத் தவறான விடை சொன்னேன். கணக்குப் பிசகாதவன் நல்ல தாளக்காரன். பிறர் பிசகும்போது தன் கணக்கை விட்டுக்கொடுத்துப் பாட்டைக் காப்பவனே பெரிய தாளக்காரன். அது உனக்கு வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை" என்று சொல்லி, பத்தொன்பது ஆண்டுக் கதையை அவனிடம் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போது உங்களுக்கும் என் வயதுதானே மாமா" என்றான். நம்மைக் காப்பாற்றவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். கலையைத் துறந்த தியாகி அல்லோம், வெட்கி ஓடியவர் என்பதை முதன்முறையாக அவரிடம் சொன்னோம். அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தோம். "அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னாயா?" என்று கேட்டார். சொல்லவில்லை, இனிச் சொல்லவும் முடியாது, அவர் காலமாகிப் பல ஆண்டு ஆயிற்று. தமக்கையார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "பையன் மிருதங்கத்தையும் விடக்கூடாது என்று சொல். பரீட்சையில் குறைந்தால் டிரம்ஸை நானே வந்து எடுத்துக்கொண்டு போவேன். குடிக்கிற கூட்டமென்று ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றே திருநெல்வேலிக்கு வண்டி ஏற வேண்டும்" என்றார். மூன்று நிபந்தனைகளையும் மருமகன் ஏற்றான். பணத்தைக் கொடுத்தோம்.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. கிழக்குக் கோட்டையில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனங்கள் ஒன்பது இரவும் ஒலிக்கும் நவராத்திரி மண்டபத்திற்கு மருமகனை அழைத்துச் சென்றோம். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. எத்துணைச் சிறப்பாக வாசித்தாலும் அமைதியே பரிசு. "கைதட்டலே இல்லாமல் வாசிக்க உன்னால் முடியுமா?" என்று வெளியே வந்ததும் கேட்டோம். "பழகவேண்டும்" என்றான். நமக்கு அவ்விடை பிடித்திருந்தது.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் வேறு வேறு கருவிகளைக் கையில் எடுப்பார்கள். வீணையை எதிர்பார்த்த வீட்டில் கிடார் ஒலிக்கும். மிருதங்கம் எதிர்பார்த்த வீட்டில் டிரம்ஸ் முழங்கும். கருவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு முன், பிள்ளை யாருடைய பாட்டுக்குக் காது கொடுத்து வாசிக்கிறான் என்று ஒருமுறை சென்று கேட்டுவிட்டு வருமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம்மைப்போல் பஞ்சு வைத்துக்கொண்டு போனாலும் பழுதில்லை.

நம் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தோம். தோல் வெடித்திருந்தது, வாரும் நைந்துபோயிருந்தது. இரு மூட்டும் மாற்றவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார் வேலைக்காரர். காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அதுவரை, ரப்பர்ப் பலகையை இரவு ஒன்பது மணிக்குமேல் தட்டக்கூடாது என்று மருமகனுக்கு விதித்த கட்டளையை, பலமுறை நாமே மீறிக்கொண்டிருக்கிறோம்.